லூபஸோடு பத்மநாபபுரம்: நாலில் ஒன்று பார்த்த கதை

தக்கலையில் இருக்கும் என் கல்லூரித் தோழி பீமா இரண்டு வருடமாக என்னை ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று முறை வருகிறேன் என்று சொல்லி, மூன்று முறையும் கிளம்புகிற அன்று காலையில் கையை விரித்தவள் நான். எனக்கு லூபஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். மூட்டு, முதுகு, தோள் என்று வலி ஊர் சுற்றும், கூடவே தலைவலி. இந்த முறையும் போகாவிட்டால் இனி கூப்பிடவே மாட்டாள் என்ற பயம்தான் ஜூலைச் சனிக்கிழமை ஒன்றில் என்னை பஸ் ஏற்றியது. வெயில் எனக்கு ஆகாது, சாரல் மாதம் என்பதால் அந்தத் தொல்லையும் குறைவு.

திருநெல்வேலியில் காலை 6.15க்கு ஏறி 8.15க்கு நாகர்கோவில். இட்லி சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டேன் (வெறும் வயிற்றில் போட்டுப் பட்டது போதும்). அங்கிருந்து தக்கலை 16 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். பீமா ஆட்டோவோடு நின்றாள். பத்மநாபபுரம் அரண்மனைக்கு இரண்டு கிலோமீட்டர், எண்பது ரூபாய். வழியிலேயே அன்றைய திட்டத்தைச் சொன்னாள்: அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, முட்டத்தில் சூரிய அஸ்தமனம். ஒரே நாளில் நாலு இடம் என் உடம்புக்கு ஆகாது. "சூப்பர்" என்றேன்.

அரண்மனைக்குள் செருப்பு கூடாது. பாத வலிக்கென்றே தடித்த அடி வைத்த செருப்பு வாங்கி வந்திருந்தேன், அது வாசலிலேயே நின்றுவிட்டது. ஆனால் உள்ளே அந்தக் கறுத்த தரையில் கால் வைத்ததும் அப்படியொரு குளிர்ச்சி. பாத வலி பாதி அடங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. செங்குத்தான மரப்படிகளில் பீமாவுக்கு ஈடாக ஏறினேன், இறங்கினேன், மறுபடியும் ஏறினேன். அவள் கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். பதினொன்றரைக்கு வலது கண்ணுக்குப் பின்னால் தலைவலி பிடித்தது. தோள் கல்லாக இறுகியது. சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

"முடியல பீமா. முதல் படியிலயே முட்டு வலிச்சுது."

"ஏட்டி, அத அப்பமே சொன்னா என்ன? உனக்க தலைக்குள்ள புகுந்தா நான் பாக்க முடியும்?"

"சொன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டியோன்னு பயம்."

பீமா கையை நீட்டினாள். "நல்ல ஆளுட்டீ நீ. எந்திரி, வீட்டுல போய் கெடப்போம்."

ஆட்டோக்காரர், "தலைவலியா? மெதுவா விடுறேன்" என்றார். சொன்ன சொல் தவறவில்லை. ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனது. பீமா வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு நான் படுத்தேன். துணைக்குப் படுத்த அவள் எனக்கு முன்னால் தூங்கிவிட்டாள். மூன்றரைக்கு எழுந்தபோது தலைவலி பாதியாகியிருந்தது. மரச்சீனிக் கிழங்கும் (நம்ம மரவள்ளிதான்) சாளை மீன் கறியும் சாப்பிட்டோம். அருவியைப் பார்க்காத வருத்தம் துளிகூட இல்லை எனக்கு.

என் போன்ற உடம்போடு போகிறவர்களுக்கு: அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை, மதியமும் கொஞ்ச நேரம் பூட்டுவார்கள். காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். மேகம் மூடியிருந்தாலும் குடை வேண்டும். மாத்திரை நேரத்தைப் பயணத்துக்காக மாற்றாதீர்கள். கூட வருகிறவரிடம் முதல் படியிலேயே வலியைச் சொல்லிவிடுங்கள். நான் இருபதாவது படியில் சொன்னேன்.

மாலை 5.15க்கு தக்கலையில் பஸ் ஏறினேன். ஜன்னலுக்குக் கீழே நின்று பீமா கேட்டாள்: "அடுத்த மாசம் மாத்தூர் மட்டும். வாறியா?"

"அங்கயும் வலிச்சா?"

"குடைய விரிச்சுட்டு ரெண்டு பேரும் இருப்போம்."

வருகிறேன் என்று பலமாகத் தலையாட்டினேன். பஸ் நகர்வதற்குள், "கழுத்து வலிக்குது பீமா" என்றும் சொல்லிவிட்டேன்.