நீல உடம்பு, மஞ்சள் கை

2007ஆம் ஆண்டு. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தோம். கணவர் தோட்டத்து ஆபீசில் கிளார்க். மகனுக்கு ஒன்றரை வயது. உயர்தரம் வரை படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேனே என்ற குறை எனக்கு இருந்தது. பிள்ளையை விட்டுவிட்டு ஏதாவது செய்யப் போனால் அது தப்போ என்ற பயமும் இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் பத்துத் தடவை மாற்றி மாற்றி நினைப்பேன்.

பள்ளிக்கூடத்தில் கற்ற கம்பளிப் பின்னல் கைவசம் இருந்தது. கீழ் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே குடும்பத்துப் பெண்கள் மூன்று பேர், ஒரு மதினியும் அவருடைய இரண்டு நாத்தனார்களும், என்னிடம் பின்னல் பழகியிருந்தார்கள். பகலில் கொழுந்து எடுப்பார்கள், பின்னேரம் பின்னுவார்கள். நாத்தனார்கள் கூப்பிடுவதைக் கேட்டு நானும் அவரை மதினி என்றே கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் கிளார்க் ஐயா வீட்டுக்காரி என்பதால் என்னை 'அம்மா' என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம்.

அந்த வருடம் சனிக்கிழமைகளில் ஹட்டனில் ஒரு கம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன். மகனைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் போவேன். மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. பஸ் வளைவு திரும்பும் வரை அவன் தெரிகிறானா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவேன்.

ஒரு சனிக்கிழமை வகுப்பில், சிறுதொழில் செய்பவர்களுக்கு உதவும் என்று மைண்ட் மேப் வரையும் மென்பொருள் ஒன்றைக் காட்டினார்கள். நடுவில் ஒரு சொல்லை எழுதி ஒரு விசையைத் தட்டினால் ஒரு கிளை முளைக்கும். மறுபடி தட்டினால் அதிலிருந்து இன்னொன்று. ஒவ்வொரு கிளைக்கும் அதுவே ஒரு நிறம் கொடுத்துவிடும். தலைக்குள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த கவலைகளெல்லாம் இறங்கிவந்து திரையில் ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்தது போல எனக்கு இருந்தது. வகுப்பு முடிந்த பிறகும் எழும்ப மனமில்லை.

அப்போது எங்களுக்கு முதல் ஓடர் கிடைத்திருந்தது. டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி, சிறு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு சுவெட்டர் கேட்டிருந்தார். முழு நீலத்தில் ஆறு, முழு மஞ்சளில் நான்கு, முழுச் சிவப்பில் இரண்டு. "நல்லா இருந்தா மாசா மாசம் எடுக்கிறேன்" என்றிருந்தார். நாலு பேருக்கும் அதுதான் நம்பிக்கை.

அதற்குத்தான் படம் போட்டேன். நடுவில் ஒரு சுவெட்டர் படம். அதிலிருந்து கிளைகள். அப்படிப் பிரித்துப் பார்த்தபோதுதான் அந்த யோசனையே வந்தது: ஆளுக்கொரு சுவெட்டரை முழுதாகப் பின்னாமல், ஒருவர் உடம்பை மட்டும், ஒருவர் கைகளை மட்டும், ஒருவர் கழுத்தையும் விளிம்பையும் பின்னினால் வேலை சீக்கிரம் முடியுமே! சேர்த்துத் தைப்பது என் பொறுப்பு. என் பயங்களுக்கும் கிளை வைத்தேன். 'மழை', 'நூல் பத்தாவிட்டால்', 'மகனுக்குச் சுகமில்லாவிட்டால்'. அந்த மென்பொருளில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்ததால் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். ஆறு, நான்கு, இரண்டு என்ற விபரமும் மூலையில் சிறிய எழுத்தில் இருந்தது. கலரில் அச்சடித்து, பையில் மடங்காமல் கொண்டுவந்தேன்.

அன்று பின்னேரமே கீழ் லயத்துக்குப் போய் படத்தை விரித்து, ஒவ்வொரு கிளையாக விரல் வைத்து, யாருக்கு எந்த வேலை என்று சொன்னேன். மூன்று நிற நூலையும் கொடுத்தேன். "விளங்குச்சா?" என்று கேட்டேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள். படத்தில் எல்லாம் இருக்கிறது என்ற நினைப்பில், நிறக் கணக்கை நான் வாயால் சொல்லவே இல்லை.

இரண்டு நாளில் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் வீட்டை விட்டு நான் இறங்கவில்லை. அவன் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதும், வகுப்புக்குப் போய்க் குளிரில் விட்டதால்தானோ என்று என்னையே திட்டுவதுமாக நாட்கள் போயின. ஓடர் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் மதினி ஒரு பையோடு வாசலில் நின்றார்.

"தம்பிக்குச் சுகமில்லன்னாங்க. ஒத்தையில நீங்க எப்பத் தைக்கிறதுன்னு நாங்களே தைச்சு முடிச்சிட்டோம்மா."

பையைத் திறந்தேன். பன்னிரண்டும் ஒரே மாதிரி. நீல உடம்பு, மஞ்சள் கை, சிவப்புக் கழுத்து. பன்னிரண்டு பஞ்சவர்ணக் கிளிகள்.

படத்தில் உடம்புக் கிளை நீலம், கைக் கிளை மஞ்சள், கழுத்துக் கிளை சிவப்பு. கம்பியூட்டர் தானாகக் கொடுத்த நிறங்கள். அவர்கள் படத்தில் கண்டதைக் கண்டபடியே பின்னியிருந்தார்கள். நூலும் ஏறக்குறையச் சரியாகப் போய்விட்டதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பின்னல் ஒரு கண்ணிகூடப் பிசகவில்லை. மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வடிவா இருக்கு மதினி" என்றேன்.

மறுநாள் மகனுக்குக் காய்ச்சல் முற்றாக விட்டிருந்தது. அவனைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பையோடு டவுனுக்குப் போனேன். முதலாளி ஒன்றை எடுத்து விரித்தார். "தங்கச்சி, நான் கேட்டது சுவெட்டர். நீங்க தேருக்குச் சோடிச்சுக் கொண்டாந்திருக்கீங்க" என்றார். கடைப் பையன்கள் சிரித்தார்கள். நல்ல மனிதர்தான், என் கண்ணைப் பார்த்துவிட்டு, "சரி சரி, ரெண்டு கிழமை எடுங்க. சொன்ன மாதிரி வேற கொண்டு வாங்க" என்று பையைத் திருப்பித் தந்தார்.

பஸ்ஸில் முழு வழியும் ஒரு பொய்யைத்தான் யோசித்து வந்தேன். கடைக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இன்னும் பன்னிரண்டு கேட்கிறார் என்று சொல்லிவிட்டால் அவர்கள் மனம் நோகாதே. நான் செய்த பிழையும் வெளியே வராதே. இரண்டாவதுதான் உண்மையான காரணம் என்று எனக்கே தெரியும்.

இறங்கும்போது, காலையிலிருந்தே விலகாத பனி இன்னும் அடர்ந்து மூடிக்கொண்டு வந்தது. பிள்ளைக் காம்பரா ஆயா மகனைக் கொண்டுவந்து தந்து, "குளிருதும்மா, எதையாச்சும் மாட்டி விடுங்க" என்றார். பையிலிருந்து ஒரு கிளியை எடுத்துப் போட்டுவிட்டேன். முழங்கால் வரை தொங்கியது. அவன் இரண்டு மஞ்சள் கைகளையும் விரித்துக்கொண்டு முற்றத்தில் தத்தித் தத்தி நடந்தான்.

மேலே மலையில் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆயா! அந்த மஞ்சக் கை யாரு புள்ள?"

"கிளார்க்கய்யா வூட்டுத் தம்பி!"

"அடியாத்தி, இங்கேருந்தே தெரியுதே! எம் பய எங்க நிக்கிறான்னு காலையிலேருந்து பாக்குறேன், எல்லாம் ஒரே சாம்பலா இருக்கு!"

பக்கத்துத் தேயிலை நிரையிலிருந்து இன்னொரு குரல்: "எம் பொண்ணுக்கும் ஒண்ணு போடச் சொல்லு! ஆனா கைய செவப்பா போடச் சொல்லு. இல்லாட்டி பொழுது சாய நான் ஐயா வூட்டுப் புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிருவேன்!"

மலையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பஸ் ஜன்னலில் கழுத்தை நீட்டிப் பிள்ளையைத் தேடுபவள் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நான் வாரத்தில் ஒரு நாள் தேடினேன். அவர்கள் கொழுந்துக் கூடையோடு ஆறு நாளும் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மதினியும் நாத்தனார்களும் வேலை விட்டு இறங்கியதும் மகனைத் தூக்கிக்கொண்டு கீழ் லயத்துக்குப் போனேன். தாய்மார் கேட்கிறார்கள் என்று இப்போது சொல்வதற்கு நல்ல செய்தியும் இருந்தது. பிழையை மறைப்பது இன்னும் சுலபம். ஆனால் உள்ளே போனதும் சுவரைப் பார்த்தேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் நான் அச்சடித்துக் கொடுத்த கிளைப் படத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் பொய் சொல்ல வரவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

மதினி எழுந்து சுவரருகே போனார். "ஆறு, நாலு, ரெண்டுன்னு இதுல எங்க இருக்கு?"

மூலையைக் காட்டினேன்.

"இதுவா? எறும்பு மாதிரி ஏதோ அழகுக்குப் போட்டிருக்கீங்கன்னுல்ல நெனச்சோம்!"

சின்ன நாத்தனாருக்குச் சிரிப்பு வெடித்தது. மதினி அவரை அதட்டிவிட்டுத் தானும் சிரித்தார். நான் அழுதுவிட்டேன். "உங்க பிழை இல்ல மதினி, என் பிழைதான்" என்றேன்.

"ஏ புள்ள, அழுவாத. நீ விளங்குச்சான்னு கேட்ட. எங்களுக்கு விளங்குனது விளங்குச்சுன்னு சொன்னோம். என்ன விளங்குச்சுன்னு நீயும் கேக்கல, நாங்களும் சொல்லல. சரி, நூலு எங்க? இன்னைக்கே தொடங்குவோம்."

முதல் தடவையாக என்னை அம்மா என்று சொல்லவில்லை. அதன்பிறகு சொல்லவுமில்லை.

கடைக்கு இரண்டு வாரத்தில் சொன்னபடி கொடுத்தோம். கிளிகளைப் பிள்ளைக் காம்பராத் தாய்மார் எடுத்துக்கொண்டார்கள். கைகளைப் பிரித்து, பிள்ளைக்கொரு நிறமாக மாற்றிப் பின்னிக் கொடுத்தோம். பச்சைக் கை, ரோஸ் கை, வரி வரியாக ஒரு கை. அந்தக் குளிர்காலம் முழுவதும் மலையில் நின்றவர்கள் பனிக்குள் தங்கள் பிள்ளைகளைக் கண்டார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கேட்டு வந்தார்கள். எங்கள் சிறுதொழில் உண்மையில் அங்கேதான் ஆரம்பித்தது.

மகன் இப்போது என்னைவிட உயரம். நான் இன்றும் எதற்கும் முதலில் பயப்படுபவள்தான். இன்றும் கம்பியூட்டரில் கிளை கிளையாகப் படம் போட்டுத்தான் ஒரு வேலையைத் தொடங்குகிறேன். ஆனால் மகனுக்குச் சுகமில்லாத நாளில் மூன்று பேர் உட்கார்ந்து தைத்து முடித்துத் தருவார்கள் என்ற கிளை அன்றைய படத்தில் இருக்கவில்லை என்பதை மறக்க முடியவில்லை. அதனால் ஒவ்வொரு படத்திலும் ஒரு கிளையை எதுவும் எழுதாமல் வெறுமையாக விட்டு வைக்கிறேன்.