கதவோரம் நின்ற கண்டக்டர்

இருபது வருஷம் பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திய தொண்டை, ஆகாயத்துக்குப் போனால் மட்டும் சும்மா இருக்குமா? பாரசூட் கட்டிக்கொண்டு குதிக்கிற பைத்தியங்களை ஏற்றிப்போகும் சின்ன விமானத்தில் அவருக்குக் கதவோரத்து வேலை. ஆட்களை உட்கார வைக்க வேண்டும். உயரம் வந்ததும் கதவைத் திறந்து ஒவ்வொருவராக அனுப்ப வேண்டும். பிறகு பைலட்டோடு தரைக்குத் திரும்பிவிட வேண்டும். அங்கேயும் அவர் பெயர் கண்டக்டர்தான். அவர் முதுகிலும் ஒரு பாரசூட் உண்டு. பயிற்சிக்குக் குதித்ததோடு சரி. "படி இருக்கும்போது எவனாவது பாதி வழியில இறங்குவானா?" என்பார்.

வேலையில் கறார். கதவு விமானத்தின் பின்பக்கம் இருந்தது. எல்லாரும் ஒரேயடியாக அங்கே முண்டியடித்தால் வால் கனத்து, மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, விமானம் கல் மாதிரி விழுந்துவிடும். அதனால் அவர் கை காட்டாமல் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது.

அவருக்கு ஒரே மகள். அப்பாவின் வேலையை வேடிக்கை பார்க்க வந்தவள், குதிக்கவே கற்றுக்கொண்டாள். அம்மா எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. கண்டக்டர் என்ன செய்வார்? பைலட்டின் முதுகுக்குப் பின்னால் முதல் இடத்தில் அவளை உட்கார வைப்பார். கதவிலிருந்து எட்ட இருந்தால் பத்திரம் என்பது தகப்பன் கணக்கு. ஆனால் அங்கே இருப்பவர் கடைசியில்தான் குதிக்க முடியும்.

ஒரு நாள், அவளும் அந்த இடத்தில் இருந்தபோது, பாதி உயரம் தாண்டியதும் வால் பக்கம் எதுவோ படீரென்று முறிந்தது. விமானம் உதறியது.

"மூக்கு மேலேயே போகுது! இறக்க முடியல! யாரும் பின்னாடி போகாதீங்க!" என்று பைலட் அலறினார்.

உயிர் பயம் வந்தால் யார் காதில் எது ஏறும்? கூட்டம் கதவைப் பார்த்துப் பாய்ந்தது. வால் சரிந்தது. கண்டக்டர் குறுக்கே நின்று, முதலில் வந்த தடியனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்.

"முன்னாடி போ! ஒவ்வொருத்தரா வாங்க! மொத்தமா வந்தா மொத்தமா சாவோம்!"

கூட்டம் தயங்கியது. கதவைத் திறந்து, பக்கத்தில் இருந்தவனைப் பிடித்து வெளியே தள்ளினார். அடுத்தவனையும் தள்ளினார். அப்போது முன்னால் மகள் எழுந்தாள்.

"அப்பா!"

அவள் ஓர் அடி வைத்தால் மற்றவர்களும் பாய்வார்கள். "உக்காருடி!" என்று கத்தினார். அவள் உட்கார்ந்தாள். பைலட்டின் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒவ்வொருவராகப் போனார்கள். தடியனும் போனான். "இப்ப வா கண்ணு, வா!" என்று கையை நீட்டினார். அவள் எழுந்தபோது விமானம் குப்புறப் புரண்டது. கதவோரம் நின்றவரை அது வெளியே வீசியது. பாரசூட்டை எப்போது இழுத்தார் என்று அவருக்கே தெரியாது. தொங்கிக்கொண்டே, விமானம் சுழன்று சுழன்று கீழே போவதைப் பார்த்தார். அதிலிருந்து வேறு யாரும் வெளியே வரவில்லை.

அவர் தடுத்திருக்காவிட்டால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று விசாரணைக்கு வந்த அதிகாரிகள் சொன்னார்கள். பிழைத்தவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தடியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினான். கண்டக்டர் மரம் போல உட்கார்ந்திருந்தார். அழுகைகூட வரவில்லை.

எல்லாரையும் அனுப்பிவிட்டு மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏன் மகளை முதலில் அனுப்பவில்லை என்று கேட்பாளோ எனப் பயந்துகொண்டிருந்தார்.

"உங்க மேல தப்பில்லைங்க. எனக்குப் புரியுது," என்றாள். "வீட்டுல ஒரு நாளாவது நீங்க சொன்னத கேட்டிருக்காளா அவ? அங்க மட்டும் ஏங்க கேட்டா?"

கண்டக்டர் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.