காலித் தட்டு

அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டுமுன் கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அதன் சிடி தட்டு 'கிர்ர்' என்று வெளியே வந்தது. அந்தச் சத்தம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்கே கொண்டுபோய்விட்டது.

சித்தப்பா மதுரையிலிருந்து ஒரு தமிழ்ப் பட டிஸ்க்கின் நகலை ஒரே ஃபைலாகப் பென் டிரைவில் கொடுத்தனுப்பியிருந்தார். அதை ஒரு வெற்று டிஸ்க்கில் ஏற்ற அப்பா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். டிஸ்க் ரைட் ஆகும்போது கரண்ட் ஆடினால் பாழாகிவிடும் என்பது அப்பாவின் நம்பிக்கை.

"ஜல்தி, ஃபிரிட்ஜை அணை. யாரும் நடக்காதீங்க!"

கூலரும் நின்றது. ஜூன் புழுக்கத்தில் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். சுடச்சுட வந்த டிஸ்க்கை அப்பா டிவிடி பிளேயரில் போட்டார். டிவி நீலமாகவே நின்றது. தமிழ்ப் படத்துக்கு ஏங்கிக் கிடந்த அம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"ஃபைலை அப்படியே ஏத்திட்டீங்கப்பா. அதைப் பிரிச்சுல்ல எழுதணும்? இருங்க, டிஸ்க்கே வேணாம். உள்ளே டிஸ்க் இருக்கிற மாதிரி கம்ப்யூட்டரை நம்ப வச்சிடலாம்" என்று அக்கா கம்ப்யூட்டரில் எதையோ அழுத்தினாள். திரையில் புதிதாக ஒரு டிரைவ் முளைத்தது. படம் ஓடத் தொடங்கியது.

அப்பா நம்பாமல் கம்ப்யூட்டரின் சிடி தட்டுப் பொத்தானை அமுக்கினார். தட்டு வெளியே வந்தது. காலி. கதாநாயகி பாடிக்கொண்டேயிருந்தாள். அம்மா தட்டைத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லைங்க!"

"அச்சா..." என்றார் அப்பா. பிறகு அந்தக் காலித் தட்டை, தளும்பும் பாத்திரத்தை நகர்த்துவதுபோல, இரு கைகளாலும் மெல்ல உள்ளே தள்ளினார்.

இன்று நானும் அப்படித்தான் தள்ளினேன். கம்ப்யூட்டரைத் தூக்க வந்தவர், "உள்ளே ஏதாவது இருக்கா?" என்று இந்தியில் கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.