விளக்கு வைப்பதற்குள்

போன வருடம் மாசி மாதம். ஜவ்வாது மலையில், காவலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஊரில் நடந்தது. சிஸ்டர்கள் நடத்தும் நடுநிலைப்பள்ளி ஒன்றில் அப்போதுதான் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். நானும் மலைக்காரன்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். அதனால் மலையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு.

எங்கள் பள்ளிப் பெண்கள் கோகோ ஆட்டத்தில் கெட்டிக்காரிகள். வெறுங்காலோடு மேட்டிலும் பள்ளத்திலும் ஓடி வளர்ந்தவர்கள், சமதரையில் விட்டால் கேட்கவா வேண்டும். ஆலங்காயத்தில் நடந்த போட்டியில் முதல்முறையாக இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். களத்தில் இறங்க ஒன்பது பேர் வேண்டும். எங்களிடம் இருந்ததே அந்த ஒன்பது பேர்தான். மறுநாள் ஆட்டம். எல்லாரையும் விட வேகமாக ஓடும் எட்டாம் வகுப்புப் பெண் பள்ளிக்கு வரவில்லை. தலைமையாசிரியை சிஸ்டரும் நானும் அவளைத் தேடி அவள் ஊருக்குக் கிளம்பினோம்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஊரை நெருங்கும்போதே பம்பை சத்தம் கேட்டது. என்ன விசேஷம் என்று சிஸ்டர் கேட்டார். காதுகுத்தாக இருக்கும், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்திருக்கிறோம் என்று அடித்துச் சொன்னேன். எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழா ஆடியில்தான். இந்த ஊரில் மாசியில் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தோம். கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, அது மாரியம்மன் திருவிழாவுக்கான காப்புக் கட்டு.

காப்புக் கட்டினால் அந்த ஊரில் ஒரு முறை உண்டு. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். சாயங்காலம் கோயிலில் விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். திருவிழா முடியும்வரை யாரும் வெளியே தங்கக் கூடாது.

பெண்ணின் அப்பா எங்களைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் பிடி கொடுக்கவில்லை.

"போறது பெருசு இல்லீங்க சிஸ்டர். திரும்பி வர சொல்ல பஸ்சு நின்னுபோச்சுன்னா? உங்களுக்கு இன்னா, மடத்துல போய்ப் படுத்துக்குவீங்க. இங்க எங்க வூட்டாலதான் திருவிழா கெட்டுச்சுன்னு ஊரே பேசும். அப்புறம் பள்ளிக்கூடமே வேணாம்னு ஆயிடும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பெண் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், காப்புக் கட்ட சொல்ல நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க?"

"இங்கதாங்க. பின்னாடி நின்னு பாத்துட்டு இருந்தோம்."

"அப்ப நீங்களும் கணக்குல சேர்த்திதான்."

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "சோறு கிடைக்கும்னு வந்தாரு, நல்லா மாட்டிகினாரு" என்றது ஒரு பெண்குரல். நான் காதுகுத்து என்று சொன்னது அதற்குள் எப்படிப் பரவியது என்று இன்றுவரை தெரியவில்லை. சிஸ்டரிடம் மட்டும் கவுண்டர் குரலைத் தணித்தார். "உங்க சாமி உங்களுக்குங்க. கயிறெல்லாம் வேணாம். ராத்திரிக்கு எல்லைக்குள்ள இருந்தா போதும்."

சிஸ்டர் கொஞ்சமும் அசரவில்லை. "எங்க மடத்துலயும் இருட்டினா கேட்டைப் பூட்டிடுவாங்க. எனக்கு இது பழக்கம்தாங்க" என்றார். பிறகு சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி, மடத்துப் பெரிய மதருக்குப் போன் செய்தார். மதர் சிரித்த சிரிப்பு கீழே நின்ற எனக்கே கேட்டது.

பெண்ணின் அப்பா சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்களும் வந்துதானே ஆவணும்? அப்ப இட்டுகினு போங்க."

மறுநாள் ஆலங்காயத்தில் எங்கள் பெண்கள் ஜெயித்தார்கள். ஆனால் கோப்பை கொடுக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. வாணியம்பாடி தாண்டிவிட்டார் என்றார்கள். ரொம்ப நேரம் கழித்தும் அதையேதான் சொன்னார்கள். சிஸ்டர் வெயில் சாய்வதைப் பார்த்தார்.

"கோப்பை எங்கயும் ஓடிப் போகாது. பஸ் போயிடும். கிளம்புங்க."

பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பஸ் ஏறினார்கள். காவலூர் தாண்டியதும் ஒரு வளைவில் பஸ் நின்றது. முன்னால் புளிமூட்டை ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "சார், நமக்குக் காலு இருக்கில்ல?" என்றாள் அந்தப் பெண். மற்றவர்களைக் கூட வந்திருந்த விளையாட்டு டீச்சரிடம் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் இறங்கி ஓடினோம்.

சிஸ்டர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. மூச்சு வாங்கி ஒரு கல்வெர்ட்டு மேல் உட்கார்ந்துவிட்டார். "நீங்க முன்னாடி போங்கம்மா" என்றார். அவள் போகவில்லை. சிஸ்டருக்குப் பின்னால் போய் முதுகில் தட்டி, "கோ" என்றாள். கோகோவில் முதுகில் தட்டிக் கோ சொன்னால் எழுந்து ஓடியே ஆக வேண்டும். பெண்களுக்கு அந்த விதியை நாள் தவறாமல் சொல்பவர் சிஸ்டர்தான். எழுந்தார். அடுத்த மேட்டில் உட்கார்ந்தார். மறுபடியும் கோ. மூன்றாவது முறை உட்கார்ந்தது நான். எனக்கும் விழுந்தது ஒன்று, கொஞ்சம் பலமாகவே.

ஊர் எல்லைக்கு வந்தபோது மலைக்குப் பின்னால் வெளிச்சம் போயே போய்விட்டது. கோயிலைப் பார்க்கவே எனக்குப் பயம். ஆனால் அங்கே விளக்கு எரியவில்லை. ஊரே நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு விளக்கு வைக்கும் முறை பெண்ணின் அப்பாவுடையது; நடுவில் அவர் குனிந்து திரியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க" என்றார் கவுண்டர். "திரி ஈரமாக் கீது, திரி தடியாக் கீதுன்னு இவன் மாத்திகினே கீறான். நாங்களும் பாத்துகினு நிக்கறோம்."

அப்பா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்லி விளக்கை ஏற்றினார். அப்புறம்தான் கேட்டார், "ஜெயிச்சியா?"

"ஜெயிச்சோம்பா. கப்பை வுட்டுட்டு வந்துட்டோம்."

"பரவால்ல, உன்ன இட்டுகினு வந்துட்டாங்க இல்ல."

திருவிழா முடியும்வரை நானும் அந்த ஊரிலேயே இருந்தேன்; சிஸ்டர் அவர்கள் வீட்டில்தான் தங்கினார். கோப்பை அடுத்த வாரம் பஸ் கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தது. அந்தப் பெண் இப்போது மலைக்குக் கீழே ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருடம், பக்கத்துக் கொல்லைகளில் எல்லாம் புளி உலுக்கி முடித்த பிறகும் என் அப்பா, "நம்ம புளி இன்னும் காயல, நீ போய்ப் படி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வருடம் எங்கள் புளி ஏன் அவ்வளவு மெதுவாகக் காய்ந்தது என்று, அந்தச் சாயங்காலம் ஈரமே இல்லாத அந்தத் திரியைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.