கையால் ஓட்டிய குதிரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மின்சாரமும் இல்லை, வானொலிக்குப் போடப் பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் என்னுடைய வானொலி ஒன்றுதான். செய்தி கேட்க வருபவர்களிடம், இங்கிலாந்தில் ஒரு பந்தயத்திலும் தோற்காத பெண்குதிரை ஒன்றைப் பற்றி ஓயாமல் சொல்வேன்.

அதன் கடைசிப் பந்தயத்தன்று பக்கத்து வீட்டு மணியண்ணை பெடலைச் சுற்றினார். குதிரை இரண்டாவதாக வருகிறது என்று நான் தமிழில் சொன்னதும் அவர் கை வேகமெடுத்தது.

“மெல்லச் சுத்துங்கோ அண்ணை.”

“மெல்லச் சுத்தினால் அது எப்பிடியடா முந்தும்?”

பந்தயம் முடியுமுன்பே, மின்சாரம் கூடி வானொலி புகைந்து அடங்கியது.

மறுநாள் செய்தி கேட்க வந்தவர்களிடம் வானொலி எரிந்துபோனதைச் சொன்னேன். கொழும்பில் மகன் இருந்ததால் ஒருநாளும் செய்தியைத் தவறவிடாத இராசம்மா அக்காதான் கடைசியில் கேட்டார்.

“அது கிடக்கட்டும் தம்பி. குதிரை வெண்டதோ?”

“ஓம், அக்கா.”

உண்மையை அறியப் பின்னர் எத்தனையோ வழிகள் வந்தன. இன்றுவரை நான் தேடவில்லை.