கான்ட்ராக்ட் பஸ்ஸை மறித்துக் கூட்டிய கூட்டம்

பள்ளி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, ஃபைல் வேலையெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். கூட்டம் கூட்டுவது எப்படி என்பதை மட்டும் என்னிடம் கேளுங்கள். நெய்வேலி டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். ஒரே மதியத்தில் பட்ட பாடு ஆயுசுக்கும் போதும்.

முன்பெல்லாம் சந்தா கட்டியவர்தான் பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர். பெரும்பாலும் மைன்ஸில் பெர்மனன்ட் வேலைக்காரர்கள். கூட்டம் எப்போதும் பகல் ஒரு மணிக்கு. பெர்மிஷன் போட்டுவிட்டு வருவார்கள், சமோசா சாப்பிடுவார்கள், கை தூக்குவார்கள், போவார்கள். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் வந்தால் கோரம், கூட்டம் செல்லும். அது எப்படியும் தேறிவிடும்.

பிறகு சட்டம் மாறியது. சந்தா கட்டாயமில்லை, பிள்ளை படித்தாலே பெற்றவர் உறுப்பினர் என்று வந்தது. நானே கைதட்டினேன். ஆனால் உறுப்பினர் பெருகினால் மூன்றில் ஒரு பங்கும் பெருகும் என்பது எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை. பழக்கதோஷம், ஒரு மணிக்கே நோட்டீஸ் போனது.

அன்றைக்கு ஒரே தீர்மானம். கழகம் நியமித்த கணக்கு டீச்சர் செல்வியின் வேலையை நீட்டிக்க வேண்டும். சாயந்திரத்துக்குள் தீர்மானம் கல்வி அலுவலகம் போகாவிட்டால் அவருக்கு வேலை இல்லை, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியாரும் இல்லை. ஹாலிலோ முக்கால்வாசி நாற்காலி காலி. செல்வி கதவோரம் முகம் செத்து நின்றார்.

"கோரம் இல்லீங்க சார்" என்றேன் ஹெச்.எம்.மிடம்.

"வழக்கமா வர்றவங்க எல்லாம் வந்துட்டாங்களே மேடம்!"

"வராதவங்களும் இப்ப மெம்பர் சார்."

கழகத் தலைவர் கோவிந்தன், மைன்ஸில் ஃபோர்மேன், எரிந்து விழுந்தார். "சந்தா கட்டாதவங்கள ஏம்மா சேக்குறீங்க? நம்ம ஆளுங்களை வச்சே முடிச்சிடுங்க."

"சேத்தது சட்டம் சார். நான் யாரு அவங்கள எடுக்க?"

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். பக்கத்து ஊர் வடக்குத்து அஞ்சலை, மைன்ஸில் கான்ட்ராக்ட் துப்புரவு வேலை. அன்று அவருக்கு வீக் ஆஃப்.

"ஏங்க மேடம், பகல்ல வெச்சா யாருங்க வருவாங்க? லீவு போட்டா எங்களுக்கு அன்னிக்கிச் சம்பளம் அம்பேல். ரெண்டு மணிக்கு மொத ஷிப்ட் வுட்ருவாங்க. எங்க கான்ட்ராக்ட் பஸ்ஸு நம்ம கேட்டாண்டதான் வூட்டுக்குப் போவும். பாதிப் பேரு புள்ளைங்க இங்கதான் படிக்குதுங்க. இங்க குந்திக்கினு இருந்தா ஆவுமா? வாங்க, மறிக்கலாம்!"

மறித்தோம். அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுரோட்டில் நின்றார். அவர் பக்கத்தில் நான், என் பக்கத்தில் டை கட்டிய ஹெச்.எம். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னாம்மா, சாவறதுக்கு எங்க பஸ்ஸுதான் கெடச்சுதா?" என்றார்.

"செல்வி டீச்சர அனுப்பப் பாக்குறாங்கடா, எறங்குங்க!" என்று அஞ்சலை கத்தியதுதான் தாமதம், ஹெல்மெட்டும் பூட்ஸுமாக இறங்கினார்கள். பின்னால் வந்த இரண்டு பஸ்ஸும் காலியாயின. கரித்தூசியோடு நாற்காலியில் உட்காரக் கூசிச் சுவரோரமாக நின்றார்கள்.

கோவிந்தன் சுவரோரம் நின்ற ஒருவரை உற்றுப் பார்த்தார். "டேய் முருகா, நம்ம செக்‌ஷன்ல இருக்கிற! உன் புள்ளையும் இங்கதானா?"

"மூணு வருசமா உங்க பொண்ணு பக்கத்துலதாங்க சார் ஒக்காந்துக்கினு இருக்கா."

கோவிந்தன் எழுந்து தன் நாற்காலியை முருகன் பக்கம் தள்ளினார். "மொதல்ல உக்காருப்பா. எல்லாரும் உக்காருங்க. சேரைத் தொடச்சிக்கலாம்."

கோரம் தேறியது. தீர்மானத்தைப் படித்தேன். கரி படிந்த கைகள் ஹால் முழுக்க எழுந்தன. செல்வி அழுதுகொண்டே சிரித்தார், நானும்தான். சமோசா ஆளுக்குப் பாதிதான் வந்தது.

பிள்ளைகளே, யார் உறுப்பினர் என்று சட்டம் சொல்லிவிடும். அவர்கள் எத்தனை மணிக்கு வர முடியும் என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் நான் அஞ்சலைக்குப் போன் செய்தேன்.

"ரெண்டரைன்னு போடுங்க மேடம்" என்றார். "சமோசாவ கொஞ்சம் சேத்தே சொல்லுங்க. இந்தவாட்டி பஸ்ஸு தானா நிக்கும்."