இறங்காத சைக்கிள்

மகள் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஏதோ எழுத்துகளைத் தட்டினாள். திரையில் அவளின் சைக்கிளைத் துரத்திய பொலிஸ் ஜீப் மறைந்தது.

"அப்பா, இவள் கள்ளக் கோட் அடிக்கிறாள்!" என்று மகன் கத்தினான்.

அந்தத் தட்டும் சத்தம் எனக்குப் பழக்கம். நான் சின்னவனாயிருந்த சண்டைக் காலத்தில், எங்கள் ஊர் தன்னாமுனையிலிருந்து டவுனுக்குப் போகையில், ஆமியின் சோதனைச்சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டிப் போக வேண்டும். சாவடியில் ஆளில்லாத நாளிலும் அப்பா இறங்கித்தான் நடப்பார்.

டவுனில், தகரக் கூரை கொதிக்கும் கம்ப்யூட்டர் கடையில், கோட் அடித்துவிட்டு விளையாட்டுச் சைக்கிளில் தடைகளை உடைத்துக்கொண்டு ஓடுவேன்.

"கள்ளம் விளையாடி வெண்டு என்னடா பிரயோசனம்?" என்றான் ஒருநாள் கூட வந்த என் அண்ணன்.

"இதுக்குள்ளயும் இறங்கி உருட்டணுமா?" என்றேன்.

அவன் கதிரையை இழுத்துப்போட்டான். "அந்தக் கோட்டை எனக்கும் சொல்லு."

மகன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

"நீ ஓட்டு புள்ள," என்றேன் மகளிடம். "இறங்காத."